"கம்ப்ரசர் ஆயில் கம்மி" என்கிறார்கள்: ஏசி வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு டாக்ஸி:
வணக்கம். ஏழு சீட்டர் டீசல் வண்டி வைத்திருக்கிறேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஏசி. பெங்களூரு ஏர்போர்ட் டிரிப்தான் அதிகம். பங்குனி பிறந்ததிலிருந்து கூலிங் சரியில்லை. ஹைவேயில் ஓடும்போது பரவாயில்லை. ஓசூர் சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. பின் சீட்டில் உட்காருபவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

தர்மபுரியில் ஒரு கடையில் காட்டினேன். பிரஷர் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸும் கம்மி, கம்ப்ரசர் ஆயிலும் கம்மி. ரெண்டையும் டாப்-அப் பண்ணிடலாம், ஆயில் நூறு மில்லி பிடிக்கும்" என்றார். கேஜைப் பார்த்தே ஆயில் கம்மி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அனுபவம்தான்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ஜின் ஆயிலுக்கு இருப்பது போல இதற்கும் டிப் ஸ்டிக் உண்டா? எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

காரிமங்கலம் சிவப்பு:
எனக்கும் இதே வசனம் சொன்னார்கள். ஊற்றினார்கள். கொஞ்ச நாள் ஜில்லென்று இருந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
தம்பி, நேர் பதில் முதலில். இன்றைக்கு ஓடும் கார்களின் கம்ப்ரசரில் டிப் ஸ்டிக் கிடையாது. கேஜை வைத்து ஆயில் அளவைச் சொல்லவும் முடியாது. சொல்லப்போனால் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதையே அதை வைத்துச் சரியாகச் சொல்ல முடியாது. வண்டி நின்று ஆறிய பிறகு 35 டிகிரி வெயிலில் கேஜ் மாட்டினால், இப்போதைய கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் அதே 115, 700 கிராம் இருந்தாலும் அதே 115. கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிறவரை முள் இறங்காது. ஓடும்போது வருகிற ரீடிங்கோ வெயில், ஃபேன், ஆர்பிஎம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது. அதனால்தான் கேஸை எடை போட்டு ஏற்று என்கிறோம். முள்ளைப் பார்த்து ஏற்றுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெரும்பாலான கார் கம்ப்ரசர்களில் என்ஜினுக்கு இருப்பது போல அடியில் தனித் தொட்டி கிடையாது. ஆயில் கேஸோடு கலந்து சிஸ்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கம்ப்ரசரில், கொஞ்சம் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில், ஈரத்தை உறிஞ்சும் டிரையரில், கூலிங் காயிலில், ஹோஸ்களில் என்று பரவிக் கிடக்கும். சின்னக் காரில் எல்லாம் சேர்த்தே 80 முதல் 150 மில்லிதான். உங்கள் வண்டி மாதிரி இரட்டை ஏசி என்றால் 200-ஐத் தாண்டலாம். இதில் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நூறு ஊற்றுவது என்றால் கிட்டத்தட்டப் பாதி சிஸ்டத்துக்கு ஊற்றுவது.

அப்படி ஊற்றினால் கண்டென்சர், கூலிங் காயில் இரண்டிலும் குழாயின் உள்பக்கம் ஆயில் படிந்து சூடு கடத்துவது குறையும். ஹை சைடு பிரஷர், அதாவது கம்ப்ரசரை விட்டு வெளியேறும் பக்கத்து அழுத்தம், ஏறும், கூலிங் இறங்கும். இன்னும் அதிகமானால் கம்ப்ரசருக்குள் திரவமாகத் தேங்கி கேஸ் போய்வரும் வழியை மூடித் திறக்கும் மெல்லிய தகட்டை, ரீட் வால்வை, உடைக்கும். வேடிக்கை என்னவென்றால், ஆயில் கூடிப்போய்க் கூலிங் குறைந்த வண்டியை அடுத்த கடைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் "ஆயில் கம்மி" என்றே சொல்வார்கள்.

இன்னொன்று. இது எரிந்து தீருகிற ஆயில் இல்லை. மூடிய சிஸ்டம். ஆயில் குறைந்திருந்தால் கேஸ் ஒழுகும்போது கூடவே வெளியே போயிருக்கிறது, அல்லது யாரோ ஒரு பாகத்தை மாற்றும்போது அதிலிருந்த ஆயிலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஒழுகல் எங்கே என்று கேட்காமல் ஆயில் பாட்டிலை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பழைய அம்பாசடர்:
கேஜ் செட் தம்பி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் ஏசி வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் மேஸ்திரி, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு அவுன்ஸ் (சுமார் 30 மில்லி) கூடவே போடு, கம்ப்ரசர் சத்தமில்லாமல் ஓடும் என்பார். கம்ப்ரசரில் பிளக்கைக் கழற்றி, குச்சி விட்டு அளந்தும் பார்ப்போம். அதனால் டிப் ஸ்டிக்கே கிடையாது என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
ஐயா, நீங்கள் சொல்வது உண்மைதான். சாண்டன் எஸ்டி-508 மாதிரி பழைய கம்ப்ரசர்களில் ஃபில்லர் பிளக் உண்டு, குச்சி விட்டு அளக்கலாம். சில டிராக்டர், பழைய வேன்களில் இன்றைக்கும் அது ஓடுகிறது. கேஸை முழுக்க இறக்கிய பிறகுதான் அந்தப் பிளக்கைத் தொட வேண்டும் என்பதை இளசுகளுக்காகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது இப்போதைய கார்களில் வரும் ஸ்வாஷ் பிளேட், ஸ்க்ரோல் வகைகளை.

ஆனால் அந்த ஒரு அவுன்ஸ் கணக்கு ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்தோடு போயிற்று. அப்போது மினரல் ஆயில். ஆர்-12-ல் நன்றாகக் கரையும், எங்கே போனாலும் திரும்பி வந்துவிடும். சிஸ்டமும் பெரிது, கேஸும் கிலோ கணக்கில். 2010 வாக்கில் ஆர்-12 உலகம் முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதிருக்கும் ஆர்-134ஏ மினரல் ஆயிலோடு கலக்காது. ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்கிற பழைய மினரல் ஆயிலை இதில் ஊற்றினால், அது கூலிங் காயிலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்ப்ரசருக்குத் திரும்பவே திரும்பாது. சிஸ்டத்தில் ஆயில் நிறைய இருக்கும், கம்ப்ரசர் காய்ந்து ஜாம் ஆகும். அப்படி ஜாம் ஆனதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியப் பொடி மினுமினுக்கும். அந்தப் பொடி கண்டென்சர் வரை போயிருக்கும். இன்றைய மெல்லிய குழாய்க் கண்டென்சரைக் கழுவிச் சுத்தம் செய்வதெல்லாம் நடக்காத காரியம், மாற்றத்தான் வேண்டும்.

பழைய அம்பாசடர்:
அது சரி. மினரல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஆர்-134ஏ-க்குப் போடும் செயற்கை ஆயிலான பி.ஏ.ஜி. ஆயிலிலேயே ஒரு பத்து மில்லி கூடப் போட்டால் ஒன்றும் ஆகாது என்பேன்.

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
பத்து மில்லிக்கு நானும் சண்டைக்கு வரமாட்டேன் ஐயா.

பர்கூர் டிப்பர்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கிரானைட் குவாரி டிப்பர் ஓட்டுகிறேன். முதலாளி புது வண்டி எடுத்திருக்கிறார், ஏசி கேபின். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. வண்டி வந்ததிலிருந்து இந்த இழை மாதிரியானவற்றைத் தேடிப் படிக்கிறேன். குவாரித் தூசியில் கம்ப்ரசர் ஆயிலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
மாதக் கணக்கே இல்லை. திறக்காதவரை மாற்ற வேண்டியதில்லை. உங்களுக்கு வரப்போகும் தொல்லை கண்டென்சரில்தான். கிரானைட் மாவு காற்றுப் போகும் இடுக்கில் அடைத்துக்கொண்டால் ஹை சைடு ஏறிக் கம்ப்ரசர் தானாகச் சூடாகும், ஆயிலும் கருகும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கார் வாஷ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

ஆனால் அந்தத் தூசி ஒரு விதத்தில் உதவியும் செய்யும். சுத்தமான இடத்தில் மாவு சும்மா படியும், ஊதினால் போய்விடும். ஆயில் கசிந்த இடத்தில் மட்டும் களிம்பு மாதிரி ஒட்டிக் கறுத்துப்போய் இருக்கும். கண்டென்சரின் கீழ் மூலையில், பைப் ஜாயிண்ட் நட்டைச் சுற்றி, கம்ப்ரசர் புல்லிக்குப் பின்னால் பாருங்கள். விரலால் தேய்த்தால் வழுக்கும். ஷாஃப்ட் சீல் ஒழுகினால் கிளட்ச் சுற்றும்போது ஆயில் சிதறி, அதற்கு நேராகப் பானட்டின் அடிப்பக்கத்தில் கோடு போட்ட மாதிரி கறை இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

பாலக்கோடு தம்பி, உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அதோடு, ஓடும்போது நன்றாக இருந்து நின்றால் கூலிங் போகிறது என்றால் கண்டென்சர் ஃபேனையும் பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை என்றாலும் இதே அறிகுறிதான் வரும். பாதிப் பேர் ஃபேன் மோட்டாரை மாற்ற வேண்டிய இடத்தில் கேஸுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

பாலக்கோடு டாக்ஸி:
பார்த்தேன் அண்ணா. ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரசர் பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு அடியில், பின் ஏசிக்குப் போகும் இரண்டு பைப்பும் சேருகிற ஜாயிண்டில் கை வைத்தால் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டுகிறது. சுற்றிலும் மண் கட்டியாகப் பிடித்திருக்கிறது. இதுதானா?

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
அதேதான். நம்ம ஊர்க் கிராமத்து ரோட்டில் கல் தெறித்து அடி வாங்குகிற இடம் அது. பைப்பே அரித்திருந்தால் பைப், இல்லையென்றால் ஓ-ரிங் மட்டும். ஆர்-134ஏ-க்கு உரிய எச்.என்.பி.ஆர். ஓ-ரிங் கேளுங்கள், பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். கறுப்பு ரப்பரை எதையாவது போட்டு முறுக்கிவிடப் போகிறார்கள்.

ஓசூர் ப்ளான்ட்:
வேலை எப்படி நடக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், கேஜ் செட் அண்ணன் திருத்தட்டும். முதலில் ரெக்கவரி மெஷினில் கேஸை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் ஆயிலும் கூடவே வந்துவிடும். மெஷின் வந்த ஆயிலைப் பிரித்து அளவு போட்ட பாட்டிலில் விடும். எத்தனை மில்லி வந்ததோ அத்தனை புது ஆயில் திரும்பப் போக வேண்டும். எத்தனை கிராம் கேஸ் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராமோடு அதை ஒப்பிட்டால் எவ்வளவு ஒழுகியது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ரிப்பேர், நைட்ரஜன் அடித்து லீக் டெஸ்ட், அதன் பிறகு வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. டயருக்கு அடிக்கிற ஏர் கம்ப்ரசர் காற்றை அடித்து டெஸ்ட் பண்ணுகிறேன் என்றால் விடாதீர்கள், காற்றோடு ஈரமும் உள்ளே போகும். வேக்கம் குறைந்தது அரை மணி நேரம். தண்ணீர் 25 டிகிரியில் கொதித்து ஆவியாக உள்ளே அழுத்தம் சுமார் 32 மில்லிபாருக்கும் கீழே இறங்க வேண்டும். ஈரத்தை வெளியேற்றுவது அந்த வழியில்தான். இங்கே ஒரு உள்ளூர் சங்கதி. புத்தகத்தில் வேக்கம் முள் 29-க்கு (பாதரச அங்குலக் கணக்கு) போக வேண்டும் என்று எழுதியிருக்கும். அது கடல் மட்டத்துக்கு. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், இங்கே எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் முள் 27-ஐ ஒட்டித்தான் நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் 28. பம்ப் போய்விட்டது என்று புதுப் பம்ப் வாங்கியவரை எனக்குத் தெரியும். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
திருத்த ஒன்றுமில்லை. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஒழுகலில் ஏற்கெனவே போன ஆயிலுக்கு என்ன கணக்கு? அதை அளக்க வழியில்லை. மெதுவாகக் கசிந்து வெறும் ஈரம் தட்டியிருந்தால் 10, 15 மில்லி போதும். சொட்டி வழிந்திருந்தால் 30 வரை போடுவேன். பாகம் மாற்றினால் தனிக் கணக்கு. கண்டென்சர் மாற்றினால் 30, 40 மில்லி. கூலிங் காயில் என்றால் 40, 50. டிரையருக்கு 10, 20. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும்.

கம்ப்ரசரே மாற்றுவதாக இருந்தால்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பழையதைக் கழற்றிக் கவிழ்த்து, முன்னாலிருக்கும் ஹப்பைக் கையால் சுற்றிச் சுற்றி, வருகிற ஆயிலை அளவு ஜாடியில் பிடிக்க வேண்டும். 50 மில்லி வருகிறது என்று வையுங்கள். புதுக் கம்ப்ரசரில் மொத்தச் சிஸ்டத்துக்கும் சேர்த்து 120 மில்லி ஊற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். மீதி 70 ஏற்கெனவே உங்கள் கண்டென்சரிலும் காயிலிலும் இருக்கிறது. அதனால் புதியதிலிருந்து 70-ஐ வெளியே எடுத்துவிட்டு 50-ஐ மட்டும் வைத்து மாட்ட வேண்டும். அப்படியே எடுத்து மாட்டினால் 190 ஆகிவிடும். மாட்டிய பிறகு பெல்ட் போடும் முன் ஹப்பைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள், சிலிண்டரில் தேங்கிய ஆயில் நகரும்.

பிடித்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கறுப்பு என்றால் சூட்டில் கருகியது. சாம்பல் நிறத்தில் மினுக்கினால் உலோகம் தேய்ந்திருக்கிறது. ஆயில் அளவைவிட இந்த நிறம்தான் எனக்கு அதிகம் சொல்லும்.

ஆம்னி பஸ் ஏசி:
பஸ் கதை வேறு, அதையும் பதிந்து வைக்கிறேன். சேலம் - பெங்களூரு ஓடும் பெரிய ஏசி பஸ்களில் பிட்சர், பாக் மாதிரி கம்பெனிகளின் கம்ப்ரசர். அதற்கு அடியில் சம்ப், அதாவது ஆயில் தொட்டி, உண்டு, பக்கத்தில் வட்டக் கண்ணாடியும் உண்டு. ஓடவிட்டுப் பார்த்தால் ஆயில் மட்டம் தெரியும், கண்ணாடியின் பாதியை ஒட்டி இருக்க வேண்டும். ஆயில் லிட்டர் கணக்கில் பிடிக்கும், அதுவும் எஸ்டர் வகை. தொப்பூர் கணவாய் ஏறி முடித்த கையோடு வண்டியை நிறுத்தி மட்டம் பார்ப்பவர்கள் உண்டு. நுரைத்துக்கொண்டு இருக்கும்போது பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் சீராக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பஸ் கம்ப்ரசரில் வேலை பார்த்தவர்கள் கார் கடை வைக்கும்போது அதே பழக்கத்தில் "ஆயில் மட்டம் கம்மி" என்று சொல்லிவிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

காரிமங்கலம் சிவப்பு:
சரி, ஆயில் எது வாங்குவது? கடையில் 46, 100, 150 என்று வைத்திருக்கிறார்கள்.

ஓசூர் ப்ளான்ட்:
எண் பாகுத்தன்மை. எண் ஏற ஏறக் கெட்டி. எது என்று கம்ப்ரசர் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். டென்சோ கம்பெனி கம்ப்ரசர் என்றால் என்டி-ஆயில் 8 என்று இருக்கும், அது 46 வகையோடு சேர்ந்தது. வெயில் ஊர் என்பதற்காக 150 போடாதீர்கள்.

எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சிலிருந்து விலகியே இருங்கள். அதில் மோட்டாரே கம்ப்ரசருக்குள் இருக்கிறது, ஆயில் அதன் சுருளை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத எஸ்டர் ஆயில், டென்சோவில் என்டி-ஆயில் 11. பி.ஏ.ஜி. கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் இறங்கி வண்டி ஃபால்ட் காட்டி நின்றுவிடும். டீசல் வண்டிக்கு மாட்டிய அதே மெஷின் ஹோஸை அப்படியே எலெக்ட்ரிக் காருக்கு மாட்டுகிற கடையிலிருந்து ஓடி வந்துவிடுங்கள்.

பர்கூர் டிப்பர்:
கேஸிலும் போலி வருகிறது என்கிறார்களே?

ஓசூர் ப்ளான்ட்:
வரும். விளையாட்டு இல்லை அது. 2011-ல் குளிர்சாதன கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்று சொல்லி மெத்தில் குளோரைடு கலந்ததை ஏற்றியிருந்தார்கள். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். பெயர் தெரியாத கேனில் விலை மலிவாக இருக்கிறது என்று வாங்காதீர்கள்.

பாலக்கோடு டாக்ஸி:
வேலை முடிந்தது. கிருஷ்ணகிரியில் ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் கடை ஒன்றில் கொடுத்தேன், முழு நேரமும் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டிக்கரில் போட்டிருந்த கேஸில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் உள்ளே இருந்தது. மெஷின் பாட்டிலில் வந்த ஆயில் 12 மில்லி, மஞ்சளாகத் தெளிவாக இருந்தது. ஜாயிண்டில் ஓ-ரிங் இரண்டு மாற்றினார்கள், பைப் நன்றாகத்தான் இருந்தது. வேக்கம் முள் 28-ல் நின்றது, ஓசூர் நண்பர் சொன்னது ஞாபகம் வந்து சும்மா இருந்துவிட்டேன். ஆயில் மொத்தம் 30 மில்லி போட்டார்கள். கேஸ் எடை போட்டு ஏற்றினார்கள். நேற்று மத்தியான வெயிலில் அத்திப்பள்ளியில் வரிசையில் நின்றபோதும் பின் சீட்டில் குளிர்ந்தது.

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
சந்தோஷம். பின் ஏசியை மாதக் கணக்கில் அணைத்தே வைக்காதீர்கள். அந்த நீளமான பைப்பிலும் பின் காயிலிலும் ஆயில் போய்த் தங்கிவிடும். ஆள் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் இரண்டையும் ஓடவிடுங்கள், மார்கழிக் குளிரிலும் கூட. ஷாஃப்ட் சீலும் காயாமல் இருக்கும்.

பாலக்கோடு டாக்ஸி:
சரி அண்ணா. கால் லிட்டர் பாட்டிலாக வாங்கச் சொன்னார்கள், மிச்ச ஆயிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேஜ் செட் (கிருஷ்ணகிரி):
வேண்டாம். பி.ஏ.ஜி. ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சீல் உடைத்த பாட்டில் அடுத்த கோடைக்கு உதவாது. வீட்டுக் கேட் கீலுக்கு விடுங்கள்.